ஏற்றம் தெரிந்தால் எழுதலாம்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ரியூஷனுக்குக் குறைவில்லை. பதினோராம் வகுப்பு இரசாயனத்துக்கு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அமிலப் பட்டியல் ஒன்றை ஏற்கெனவே பாடமாக்கியிருப்பார்கள். எச்-டூ-எஸ்-ஓ-ஃபோர் என்று எழுதினால் சல்பூரிக் அமிலம் என்று உடனே பதில் வரும். ஒரு ஒட்சிசனை அழித்துவிட்டுக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

"சேர், 'இக்' எண்டால் நாலு ஒட்சிசன்தானே?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. இல்லை. சல்பூரிக்கில் நான்கு, நைத்திரிக்கில் மூன்று. 'இக்' ஒட்சிசனை எண்ணிச் சொல்வதில்லை. அமிலம் எந்த அயனிலிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறது.

அதனால் நான் பட்டியலைத் தொடுவதில்லை. எச்-என்-ஓ-டூ என்று எழுதி, எச்சை விரலால் மறைக்கச் சொல்வேன். மிஞ்சுவது என்-ஓ-டூ, அதாவது நைத்திரைற்று. 'ஐற்று' என்றால் 'அசு': நைத்திரசு அமிலம். 'ஏற்று' என்றால் 'இக்'. 'ஐட்டு' என்று முடிந்தால் முன்னால் 'ஐதரோ', பின்னால் 'இக்'. பெயரிலிருந்து சூத்திரம் எழுத, இதையே திருப்பிச் செய்தால் போதும். எச் எத்தனை என்பதை அயனின் ஏற்றம் சொல்லிவிடும்: சல்பேற்றுக்கு இரண்டு, பொசுபேற்றுக்கு மூன்று.

இந்த விகுதிகளுக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கு மேல். 1787இல் பாரிசில் குய்ட்டோன் த மொர்வோ, லவாய்சியே, பெர்த்தொலே, ஃபூர்குரோய் ஆகிய இரசாயனவியலாளர்கள் நால்வரும் சேர்ந்து வெளியிட்ட பெயரிடல் நூலில் வந்தவை அவை. ஒட்சிசன் கூடினால் ஒரு முடிவு, குறைந்தால் இன்னொன்று. எல்லா அமிலத்திலும் ஒட்சிசன் உண்டென்று லவாய்சியே நம்பினார். குளோரின் ஒரு மூலகம் என்று 1810இல் இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டியபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஐதரோகுளோரிக்கில் ஒட்சிசனே இல்லை. ஆனாலும் அதன் பழைய பெயர் சாகவில்லை: கொங்கிரீட் கழுவ இங்குள்ள ஹார்ட்வெயார் கடையில் விற்கும் 'மியூரியாட்டிக் அசிட்' இதுதான். சில பாடநூல்கள் 'அக்குவஸ் ஹைட்ரஜன் குளோரைட்' என்றும் கற்பிக்கின்றன. தெளிவான பெயர்தான், ஆனால் கடைப் போத்தலில் நான் கண்டதில்லை.

மூலங்கள் இவ்வளவு தொல்லை தருவதில்லை, அடைப்புக்குறி ஒன்றைத் தவிர. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. கல்சியத்தின் ஏற்றம் இரண்டு, ஐதரொட்சைட்டின் ஏற்றம் ஒன்று. ஆகவே ஓ-எச் முழுவதும் இரண்டு தரம் வேண்டும். அடைப்புக்குறி போடாமல் கடைசியில் 2 போட்டால் ஐதரசன் மட்டும்தான் இரண்டாகும், ஒட்சிசன் ஒன்றாகவே நிற்கும். சோதனையில் புள்ளி பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். அமோனியா தனி ஆள்: ஓ-எச் இல்லாமலே அது மூலம். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளையிடம் அமிலப் பெயர்களை ஒப்பிக்கக் கேட்காதீர்கள். அயன் அட்டவணையைக் கையில் எடுத்து, "பொசுபேற்றின் ஏற்றம் என்ன?" என்று கேளுங்கள்.