திருப்பாச்சேத்தி: அரிவாளுக்கு ஆர்டர் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி!

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் கீழடி விலக்கு, திருப்புவனம் தாண்டினால் திருப்பாச்சேத்தி. மதுரையிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம். ரயிலிலும் போகலாம். சிவகங்கை மாவட்டத்துச் சின்ன ஊர்தான். ஆனால், பெயரைச் சொன்னதுமே 'அரிவாளா?' என்று கேட்பார்கள். 2005-ல் விஜய் நடித்த 'திருப்பாச்சி' வந்த பிறகு, ஊரைப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பெயர் பழகிவிட்டது.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான் அரிவாளுக்கு ஏற்ற இரும்பு. உலையில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து உருவாக்கி, கடைசியில் தண்ணீரில் தோய்ப்பார்கள். சூடு கூடினால் வாய் உடையும், குறைந்தால் மழுங்கும். கண்பார்வையில் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் வேலை இது.

வழக்கமான அளவில் அடித்து வைத்தால் இன்றில்லாவிட்டாலும் நாளை விற்கும். ஆர்டர் அப்படியல்ல. கேட்டவர் வராமல் போனால், அந்த அளவு வேறு யாருக்கும் பொருந்தாது. இரும்பும் கரியும் இரண்டு பேர் கூலியும் முடங்கிவிடும். அதனால்தான் அட்வான்ஸ் இல்லாமல் உலை மூட்டத் தயங்குகிறார்கள்.

ஆனாலும் ஆர்டரை விட முடியாது. பாளை சீவுகிறவருக்கு மெல்லிய வாய் வேண்டும். இளநீர் வெட்டுகிறவருக்குக் கனம் வேண்டும். சீமைக்கருவேலம் வெட்ட ஒன்று, இடது கைக்காரருக்கு ஒன்று. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஆளுயர அரிவாள் கேட்பார்கள். இதெல்லாம் மெஷினில் வெட்டிய கடைச் சரக்கில் கிடைக்காது. கொல்லுப் பட்டறைக்கு இன்றும் மரியாதை இருப்பது இந்த ஆர்டர்களால்தான்.

சிக்கல் எங்கே என்றால், வேலையைச் சொல்லாமல் நீளத்தை மட்டும் சொல்கிறவரிடம். அந்தக் காலத்தில் வாங்குகிறவர் பக்கத்து ஊர்க்காரர். எந்த வயல், எந்தத் தோப்பு என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். இன்று முன்பின் தெரியாதவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, 'இதே மாதிரி வேணும்' என்கிறார்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருளை ஆயுதமாகக் கருதுவதில்லை. அதாவது, 'எதற்காக?' என்பதுதான் சட்டத்தின் கேள்வியும்! 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளுக்கு எதிராக மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தியபோது, அரிவாள், கத்தி விற்பவர்கள் வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

பதில் சரியில்லை என்றால் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். சொல்வதற்குச் சுலபம். யாவாரமே இல்லாத நாளில் கையில் கொடுக்கும் பணத்தை வேண்டாம் என்பது, அன்றைய அடுப்பை யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தை. வாங்கிக்கொண்டாலோ, நாளை எங்கோ நடந்த ஒரு சம்பவத்துக்குப் பட்டறை வாசலில் விசாரணை வந்து நிற்கும். பெயர் கெடுவது ஒருவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே.

அந்தப் பக்கம் போனால், 'எத்தனை அடி?' என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன மரம், யார் வெட்டப் போகிறார், வலது கையா இடது கையா என்று சொல்லுங்கள். நீளத்தையும் வளைவையும் அவர்கள் முடிவு செய்வார்கள். பெயர், முகவரி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். பஸ் ஏறும் முன், வாய்ப் பக்கத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.