காலனி ரேட்டு

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் இன்னொரு இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மனைத் தரகர்களின் வாயில். "அது காலனி ரேட்டுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏன் அந்த விலை, யார் வைத்த விலை என்று யாரும் கேட்பதில்லை.

போன வருடம் என் அத்தை தன் வீட்டை விற்க வேண்டியிருந்தது. மகள் படிப்புக் கடன், மாமாவின் டயாலிசிஸ் செலவு. 3 சென்ட் மனை, 400 சதுர அடியில் காங்கிரீட் வீடு. மனை தாத்தா காசு கொடுத்துக் கிரயம் வாங்கியது. (இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டு மனை ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த பட்டா என்றால் அதில் விற்பனைக்கு நிபந்தனை இருக்கும். பஞ்சமி நிலம் என்றால் சொல்லவே வேண்டாம். விலை பேசுவதற்கு முன் பட்டாவின் பின்பக்கம் வரை படியுங்கள்.) ஊரிலிருந்து ஒரு தரகர் வந்தார். அத்தையின் வயதில் பாதி இருக்கும், "நீ என்ன எதிர்பாக்கற?" என்று ஒருமையில் ஆரம்பித்தார். வீடு, மனை எல்லாம் சேர்த்து 8 லட்சம் என்றார். அத்தை சரி என்று தலையாட்டப் பார்த்தார். "பாப்பா, நம்ம தெருவுக்கு இதுவே அதிகம்" என்றார் என்னிடம். எனக்குக் கோபம் வந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டு உட்கார்ந்து தேடினேன். தேடியது ரகசியமான எதையும் அல்ல. பதிவுத்துறையின் இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக, புல எண்வாரியாக எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. வில்லங்கச் சான்றையும் அங்கேயே காசில்லாமல் பார்க்கலாம். வில்லங்கம் என்றால் நம் ஆட்கள் கடன் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அதில் ஒவ்வொரு கிரயப் பத்திரத்துக்கும் கைமாற்றுத் தொகை எழுதியிருக்கும். அத்தை வீட்டின் புல எண்ணைப் போடுவதோடு நிற்காமல் சுற்றியுள்ள புல எண்களையும் போட்டால், பக்கத்து வீடு எந்த வருடம், எவ்வளவு பரப்பு, என்ன தொகைக்குக் கைமாறியது என்பது வந்துவிடும். தொகையைப் பரப்பால் வகுத்தால் சதுர அடி விலை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அவ்வளவுதான் கணக்கு.

முதலில் கண்ணில் பட்டது வழிகாட்டி மதிப்பு. எங்கள் தெருவுக்குச் சதுர அடி 600 ரூபாய். நடுவில் ஒரு தார்ச்சாலை, அதைத் தாண்டினால் ஊர்த்தெரு, அங்கே 950. இரண்டு தெருவுக்கும் ஒரே பேருந்து நிறுத்தம், ஒரே மேல்நிலைத் தொட்டித் தண்ணீர். அகலம்கூட எங்கள் தெருதான் கொஞ்சம் அதிகம். சாதியைத் தவிர 350 ரூபாய்க்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி மதிப்பு சந்தை விலை அல்ல, முத்திரைத்தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அளவுகோல். நீதிமன்றங்களும் இதைச் சொல்லியிருக்கின்றன. 2017இல் அதை 33 விழுக்காடு குறைத்தார்கள், 2024 ஜூலையில் திருத்தி உயர்த்தினார்கள். பலர் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடுவதால், அந்த ஜூலைக்கு முந்தைய பத்திரத்தையும் பிந்தையதையும் அருகருகே வைத்தால் விலை திடீரென ஏறியதுபோலத் தெரியும். ஏறியது சந்தையாக இருக்க வேண்டியதில்லை, அளவுகோலாகவும் இருக்கலாம். அதனால் அந்தத் தேதிக்குப் பிந்தைய பத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவிலேயே மூன்று கிடைத்தன: 700, 740, 820. வெறும் மனைகள்.

1,307 சதுர அடி. 750 என்று வைத்தாலே மனை மட்டும் 9 லட்சத்து 80 ஆயிரம். கட்டடத்துக்குத் தெரிந்த பொறியாளர் அண்ணன் ஒருவர் வயதைக் கழித்து இரண்டரை லட்சம் போட்டார். ஆக 12 லட்சத்துக்கு மேல். தரகர் சொன்ன 8 லட்சம், மனையின் பத்திர விலைக்கே வரவில்லை.

இங்கேதான் சமூகவியல் படித்த மூளை என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் தெருப் பத்திரங்களோடு மட்டும் ஒப்பிட்டால், பழைய தீண்டாமை போட்ட தள்ளுபடியை நானே நியாயமான விலை என்று ஒப்புக்கொண்டதாகும். ஊர்த்தெருவோடு ஒப்பிட்டு 1,100 என்றால், வாங்க ஆள் வர மாட்டான், அத்தைக்குப் பணம் மார்கழிக்குள் வேண்டும். தரவு நடுநிலையானது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்களை இந்தத் தார்ச்சாலையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கடைசியில் நான் முடிவு செய்தது இது: எங்கள் தெருவின் எண், அதற்குக் கீழே இறங்கக் கூடாத தரை. கேட்கும் விலையை ஊர்த்தெரு எண்ணிலிருந்து தொடங்குவது. 15 லட்சம் என்றோம். தரகர் சிரித்தார். பத்திர எண்களை வரிசையாக எழுதிய தாளை நீட்டினேன். "படிச்ச புள்ளைங்க வந்தாலே இப்படித்தான்" என்றார், ஆனால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தரகர் மூலம் விற்கவில்லை. பக்கத்து நகரத்தில் செவிலியராக இருக்கும் நம் சமூகத்துப் பெண் ஒருவர் 11 லட்சத்து 60 ஆயிரத்துக்குப் பேசி முடித்தார். நான் நினைத்ததைவிடக் குறைவு, தரகர் சொன்னதைவிட 3 லட்சத்து 60 ஆயிரம் அதிகம்.

பத்திரச் செலவில்தான் ஒரு சிக்கல். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 விழுக்காடு வாங்குபவர் தலையில். "வழிகாட்டி மதிப்புக்குப் போட்டுக்கலாம் அக்கா, மீதியக் கையில குடுத்துடறேன்" என்றார். அவர் கஷ்டம் புரிந்தது. ஆனால் வீடு விற்ற பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் வாங்கியவருக்கு, அதாவது அத்தைக்கு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றையும் அவரிடம் சொன்னேன். குறைத்துப் போடும் ஒவ்வொரு பத்திரமும் இந்தத் தெருவின் விலையாகப் பதிவாகிறது. நாளைக்கு இதே தெருவில் ஒருவர் விற்கும்போது, நிலம் எடுப்புக்கு அரசு வந்து நிற்கும்போது, எடுத்துக் காட்டப்படுவது அந்தக் குறைந்த எண்தான். 2013ஆம் ஆண்டு நிலம் கையகச் சட்டமே இழப்பீட்டுக்கு வழிகாட்டி மதிப்பையும் அருகிலுள்ள பத்திரங்களின் சராசரியையும்தான் பார்க்கச் சொல்கிறது. அவர் ஒரு நாள் யோசித்தார். நீங்களும் ஒருநாள் விற்கலாம் அல்லவா என்று அத்தை கேட்டதில்தான் அசைந்தார் என்று நினைக்கிறேன். முழுத் தொகைக்கே பதிவானது. கட்டணத்தில் ஒரு பங்கை அத்தை விட்டுக்கொடுத்தார்.

இப்போது எங்கள் புல எண்ணைப் போட்டால் நான்காவது பத்திரமாக அது வருகிறது. எதிர்வீட்டுப் பெரியப்பா மூத்த மகன் கல்யாணத்துக்காக மனையில் பாதியைக் கொடுக்கப் போகிறாராம். தகரப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.