கார்மேல் பள்ளத்தாக்கிலே

கார்மேல் என்று சொன்னவுடன் நம் குடும்பங்களில் உத்தரியமும் மாதாவின் திருநாளும் நினைவுக்கு வரும். கலிபோர்னியாக் கடற்கரையில் அப்பெயரைத் தாங்கி ஓர் ஆறு ஓடுகின்றது. 1602-இல் விஸ்காயினோ என்னும் ஸ்பானியக் கடலோடி மான்டெரே விரிகுடாவில் நங்கூரமிட்டபோது, கார்மேல் சபைத் துறவியர் மூவர் அவருடன் இருந்தனர். விரிகுடாவுக்குத் தெற்கே அவர்கள் கண்ட ஆறு அச்சபையின் பெயரையே பெற்றது.

சான் ஹோசே நகரில் மகள் இல்லத்தில் தங்கியிருந்த நாங்கள், ஆகஸ்டு இறுதியில் ஒரு சனிக்கிழமை அங்குச் சென்றோம். கடலோரத்தில் மூடுபனி, போர்வை இன்றி நிற்க இயலவில்லை. ஆற்றின் போக்கை எதிர்த்துப் பத்து மைல் உள்ளே சென்றாலோ நல்ல வெயில். கடலை ஒட்டிய சிற்றூர் 1916-இல் நகராட்சியாயிற்று. நெடுங்காலம் அங்கு வீடுகளுக்கு எண்களே இல்லை. மக்கள் தபால் நிலையத்துக்கே சென்று கடிதங்களைப் பெற்றனர். ஊர் அழகியதுதான், கடைகள் மிகுதி, விலை அதனினும் மிகுதி.

ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே பழைய மறைப்பணி ஆலயம் உள்ளது. 1784-இல் இறந்த ஜூனிப்பெரோ செர்ரா அடிகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அக்கல்லறையில் செபித்தார். 2015-இல் செர்ரா புனிதராக அறிவிக்கப்பட்டார். அடுத்த சில நாட்களுக்குள் அவ்வளாகத்தில் இருந்த அவருடைய சிலையை யாரோ வீழ்த்திச் சாயம் பூசினர். காரணத்தை அறியக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றால் போதும். மறைப்பணி நிலையத்தில் வாழ்ந்து இறந்த பூர்வகுடியினர் ஆயிரக்கணக்கில் அங்கு உறங்குகின்றனர். பலருக்குப் பெயர்க் கல்லும் இல்லை. சில மேடுகளின் விளிம்பில் கடற்சிப்பிகள் மட்டும் பதிக்கப்பட்டுள்ளன. புனிதரின் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றிய எங்களுக்கு, அச்சிப்பிகளின் அருகேயும் சற்று நேரம் முழந்தாளிடத் தோன்றிற்று.

பின்னர்ப் பள்ளத்தாக்கினுள் சென்றோம். இருபுறமும் உலர்ந்து பொன்னிறமான புல்மலைகள். மடிப்புகளில் கருவாலி மரங்கள். கார்லண்டு என்னும் பொதுப் பூங்கா மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. நடப்போர், குதிரையில் செல்வோர், நாயுடன் உலவுவோர் எல்லாருக்கும் அங்குப் பாதை உண்டு. செல்வந்தர் வாழும் பகுதியில் ஏழையும் காசின்றி ஒரு பகலைக் கழிக்கலாம் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

பூங்காவின் வாயிலில் ஆற்றைக் கடக்க வேண்டும். பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஆறு எங்கே போயிற்று?" என்று கேட்டான். கீழே வெறும் கூழாங்கற்கள்.

அக்கேள்விக்கு விடை நீண்டது. மான்டெரே பகுதி ஊர்களுக்கு வெளியிலிருந்து வரும் கால்வாய் எதுவும் இல்லை. ஆதலால் நெடுங்காலம் இவ்வாற்றையும், அதன் மணலடி நீரையுமே பெரிதும் உறிஞ்சி வந்தனர். உரிமைக்கு மேல் நீர் எடுக்கப்படுகிறது என்று 1995-இல் மாநில நீர் வாரியம் தீர்ப்பளித்தது. அதிக நீர் எடுப்பதை 2021 முடிவுக்குள் நிறுத்துமாறு பின்னர்க் கெடு விதிக்கப்பட்டது. இதனால் பெரிதும் துன்புற்றது ஸ்டீல்ஹெட் என்னும் மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கே வரும் இனம் அது. கோடையில் வற்றும் குட்டைகளிலிருந்து அதன் குஞ்சுகளை வாளிகளில் அள்ளி, நீருள்ள இடத்தில் விடுவதற்கென்றே ஆண்டுதோறும் மக்கள் இறங்குகின்றனர். கூலி வாங்காமல் இதைச் செய்வோரும் அவர்களில் உண்டு.

அணை கட்டுதலைப் பெரும் புண்ணியமாகக் கருதும் நமக்கு, அணையை இடித்த கதை வியப்பாக இருக்கும். கடலிலிருந்து சுமார் பதினெட்டு மைல் மேலே 1921-இல் 106 அடி உயரத்தில் சான் கிளமென்டே அணை எழுந்தது. காலப்போக்கில் வண்டல் மண்டி அதில் நீர் தேங்க இடமே இல்லாமற் போயிற்று. நிலநடுக்கம் வந்தால் உடையும் என்ற அச்சமும் எழுந்தது. வண்டலை அள்ளிக் கொட்ட இடம் ஏது? ஆகவே அதை இருந்த இடத்திலேயே விட்டு, ஆற்றைப் பக்கத்து ஓடையின் வழியே திருப்பி, 2015-இல் அணையை அகற்றி முடித்தனர். மீன்கள் ஒரே நாளில் பெருகிவிடவில்லை. அதற்கும் மேலே 1949-இல் கட்டிய லாஸ் பாத்ரெஸ் அணை இன்னும் நிற்கின்றது. 'பாதிரிமார்' என்று அப்பெயருக்குப் பொருள்! ஏறிவரும் மீன்களைப் பிடித்து, வண்டியில் ஏற்றி அவ்வணைக்கு மேலே விடுகின்றனர்.

இவற்றையெல்லாம் பேரனுக்கு விளக்கியபடியே மாலையில் முகத்துவாரத்துக்கு வந்தோம். அங்குக் குளம்போல் நீர் நின்றது. அதற்கும் கடலுக்கும் இடையே உயர்ந்த மணல்மேடு. ஒருபுறம் நாரைகள், மறுபுறம் அலை. "மீன் வந்தால் எப்படி உள்ளே போகும்?" என்றான். மழைக்காலத்தில் ஆறு பெருகி மேடு திறக்கும் என்றோம். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. காலால் மணலைச் சிறிது தோண்டிப் பார்த்தான்.

நாங்கள் ஊர் திரும்பிய பின், சனவரியில் ஓர் இரவு அவனே தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரிக்கவும் இல்லை. "தாத்தா, மேடு திறந்துவிட்டது!" என்றான்.