பெயரில்லாத சட்டை

ஒருவருக்குச் சட்டை எடுப்பது சுலபம். பதினைந்து பேருக்கு ஒரே மாதிரி எடுப்பது கல்யாண ஜவுளியைவிடக் கஷ்டம். எங்கள் தெருக் கிரிக்கெட் குழு அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பருத்தி வியர்வையைக் குடித்துக் கனக்கும். பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும். ஆகவே பாலியெஸ்டர் என்று முடிவாயிற்று. 36, 38, 40 என்று அளவுகளைக் குறித்துத் திருப்பூருக்கு எழுத உட்கார்ந்தால், அத்தனை பேருக்கும் 7-ஆம் எண்தான் வேண்டுமாம். தோனி அணிந்த எண் அல்லவா! சீட்டுக் குலுக்கித் தீர்த்தோம்.

ஒரு பையன் மட்டும், "எனக்குச் சட்டை வேண்டாம் சார், ஸ்கோர் எழுதுகிறேன்" என்றான். எங்கள் முதல் பந்து வீச்சாளன் அவன். பணமில்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பையன்கள் கூடிப் பேசினார்கள். முதுகில் பெயரும், கழுத்துக்குக் காலரும் வேண்டாமென்று தள்ளினார்கள். மிஞ்சிய பணத்தில் அவனுக்கும் ஒரு சட்டை வந்தது. ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு எது இனாம் சட்டை என்று தெரியவில்லை. சீருடை என்பது அதற்குத்தானே!