வெளிச்செல்லும் மூச்சு

வண்டி வாங்குவோர் அதன் நிறத்தைப் பார்ப்பர். இருக்கையைத் தடவிப் பார்ப்பர். இயந்திரத்தின் ஓசையைச் செவிசாய்த்துக் கேட்பர். குனிந்து அதன் அடிப்புறத்தைப் பார்ப்போர் மிகச் சிலரே. மனிதனுக்கு உள்ளே செல்லும் மூச்சைப் போலவே வெளிச்செல்லும் மூச்சும் இன்றியமையாதது. இயந்திரத்துக்கும் அவ்வாறே. எரிந்த வாயுவைத் தாங்கிச் சென்று வெளியே விடும் புகைக்குழாய் பழுதுபட்டால், வண்டி மட்டுமன்றி வண்டியில் இருப்போரும் துன்புற நேரிடும்.

என் அத்தானிடம் ஒரு டீசல் பிக்கப் வண்டி உண்டு. பருத்தித்துறையிலிருந்து நெல்லியடிச் சந்தைக்கு வெங்காயமும் மரக்கறியும் ஏற்றி இறக்கி அக்குடும்பத்துக்குச் சோறு போடுவது அவ்வண்டியே. சில மாதங்களுக்கு முன் அதன் சைலன்சர் உளுத்துக் கொட்டிவிட்டது. அடுத்த ஒழுங்கையில் வரும்போதே வண்டியின் வருகை வீட்டாருக்குத் தெரிந்துவிடும். புதிய குழாய்க்கு எந்த உலோகம் தகும், எவ்வெவ் உறுப்புகளை மாற்றவேண்டும் என்று ஆராயும் பொறுப்பு, விஞ்ஞானம் கற்பிக்கும் வாத்தியார் என்ற காரணத்தால் என் தலையில் விழுந்தது.

குழாய் ஏன் உளுத்தது என்பதே முதற் கேள்வி. கடற்காற்றின் உப்பு வெளிப்புறத்தை அரித்தது உண்மைதான். ஆனால், கழற்றிய சைலன்சரை வெட்டிப் பார்த்தபோது உட்புறமே அதிகம் அரிக்கப்பட்டிருந்தது. டீசலில் உள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாய் வெளியேறும் என்றால் மாணவர்கள் வியப்படைவர். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுவதும் சூடேறி, அந்த ஆவி வெளியே போய்விடும். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டியிலோ பின்பகுதி சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஆவி குளிர்ந்து சைலன்சரின் அடியில் நீராய்த் தேங்கும். எரிபொருளின் கந்தகத்தால் அந்நீர் அமிலத் தன்மையும் பெறும். பிறகு இரும்புக்கு ஏது வாழ்வு?

இனி உலோகத்துக்கு வருவோம். அயலவர் ஒருவர், கிணற்றுக்குப் போட்ட நாகமுலாம் பூசிய குழாய் மிச்சமிருப்பதாகவும் அதையே பொருத்தலாம் எனவும் அன்போடு சொன்னார். நாகம் ஏறக்குறைய 420 பாகை செல்சியசில் உருகிவிடும். இயந்திரத்தை அடுத்த பகுதியில் வெப்பம் அதற்கு மேலும் ஏறக்கூடும். அன்றியும், அதனை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை, செய்பவனுக்குக் குளிரும் காய்ச்சலும் தரும். மிச்சப்படும் பணம் தொழிலாளியின் உடம்பிலிருந்து எடுக்கப்படுவதாகும் என்று கூறி அதனை நன்றியோடு மறுத்தோம்.

சாதாரண மென்னுருக்கு மலிவானது. எந்தக் கராச்சிலும் வளைத்து ஒட்டலாம். ஆனால் எங்கள் கரையோரத்தில் நீண்ட காலம் நில்லாது. அலுமினியம் பூசிய உருக்கு அதிலும் நன்று. எனினும் வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சு எரிந்துபோக, துரு அங்கேதான் தொடங்கும். எஞ்சியது துருப்பிடியா உருக்கு. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹரி பிரேர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைத் தடுக்க முயன்றபோது, குரோமியம் சேர்ந்த உருக்குத் துருவேறாதிருப்பதைக் கண்டார். குரோமியம் காற்றின் ஒட்சிசனோடு கூடிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாய் மேற்பரப்பைக் காக்கின்றது. கீறினாலும் அப்போர்வை தானே மீண்டும் உண்டாகும்.

இவ்வுருக்கிலும் இனங்கள் உள. புகைக்குழாய்க்குப் பெரிதும் பயன்படுவன இரண்டு. 409 என்னும் எண்ணுடையதில் நூற்றுக்குச் சுமார் 11 பங்கு குரோமியம் உண்டு, விலை குறைவு, மேலே சிறிது துருநிறம் படியும். 304 என்பதில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. உப்புக்காற்றை அதனிலும் நன்றாகத் தாங்கும். கடையில் இவற்றைப் பிரித்தறிய ஒரு சிறு காந்தம் போதும். 409இல் காந்தம் உறுதியாய் ஒட்டும். 304இல் பெரும்பாலும் ஒட்டாது. கடைக்காரர் ஒன்றைக் காட்டி மற்றதன் விலையைக் கூறினால், இக்காந்தமே சாட்சி சொல்லும்.

ஆனால் 304க்கு ஒரு குணம் உண்டு. சூடேறும்போது அது மென்னுருக்கிலும் அதிகமாக நீளும். 2 மீற்றர் நீளமான குழாய் 300 பாகை சூடேறினால், மென்னுருக்கு 7 மில்லிமீற்றர் அளவு நீள, இது 10 மில்லிமீற்றர் நீளும். அதனை இறுக்கிக் கட்டினால் எங்கேனும் வெடிக்கும். ஆகவே தொங்கவிடும் றப்பர் வளையங்களையும், இயந்திரத்தின் அதிர்வைத் தாங்கும் நெளிகுழாய்த் துண்டையும், இணைப்புகளுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகட்டையும் புதிதாக வாங்கினோம். நல்ல குழாயைப் பழைய வளையத்தில் தொங்கவிடுதல் புதுமணப் பெண்ணை ஒழுகும் வீட்டில் குடியேற்றுவதை ஒக்கும்.

முழுவதையும் 304இல் செய்யப் பணம் இடந்தரவில்லை. இயந்திரத்தை அடுத்த முன்குழாய் எப்போதும் சூடாய் இருப்பதால் உலர்ந்தே இருக்கும். அது இன்னும் உறுதியாகவே இருந்தது. நீர் தேங்குவது பின்னே. எனவே முன்குழாயை விட்டுவிட்டு, சைலன்சரையும் வாற்குழாயையும் 304இல் செய்யத் தீர்மானித்தோம். இரண்டையும் ஒன்றாக ஒட்டாமல் திருகாணி பூட்டும் தட்டினால் இணைத்தோம். பின்னொரு நாள் முன்குழாய் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் அன்றோ?

இந்த வேளையில் என் மருமகன் ஒரு விண்ணப்பத்தோடு வந்தான். "மாமா, இதைவிடப் பெரிய குழாய் போடுங்கள், சத்தம் கம்பீரமாக இருக்கும்" என்றான். "தம்பி, வெங்காயம் கம்பீரத்தைக் கேட்பதில்லை; ஆச்சியின் நித்திரை அமைதியைக் கேட்கிறது" என்றேன். பழைய குழாயின் அளவையே வைத்துக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் அதிகமாக நாங்கள் வாதித்தது, வாற்குழாயின் வாய் எத்திசை நோக்க வேண்டும் என்பதைப் பற்றியே. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும்போது பிள்ளைகள் வண்டியின் பின்தட்டில் படங்கின் கீழ் அமர்ந்து செல்வது அவ்வீட்டு வழக்கம். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்று சுழன்று, வெளியேறிய புகையை மீண்டும் உள்ளே இழுக்கும். அப்புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாய்ப் பிணையும். மயங்கும் பிள்ளையைப் பயணக் களைப்பில் உறங்குகிறது என்றே பெற்றோர் எண்ணுவர்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பிக்கப் வண்டியின் பின்தட்டில் சென்று இவ்வாயுவால் பாதிக்கப்பட்ட 20 பிள்ளைகளைப் பற்றி எழுதினர். 17 பேர் மூடிய கூண்டின் கீழும், மூவர் படங்கின் கீழும் இருந்தவர்கள். ஒரு பிள்ளை இறந்தது. எல்லா வண்டிகளிலும் ஒன்றில் குழாயில் முன்னரே அறிந்த கசிவு இருந்தது, அல்லது வாற்குழாய் பக்கவாட்டில் அன்றிப் பின்னோக்கித் திறந்திருந்தது. டீசல் இயந்திரம் பெற்றோல் இயந்திரத்திலும் குறைவாகவே இவ்வாயுவைக் கக்கும்; குறைவு என்பது இல்லை என்பதாகாது.

இதனைக் கேட்டதும் அத்தான் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "வாயை வலப்பக்கம் திருப்பிவிடுங்கள், இடப்பக்கம் நடந்து போகிறவர்கள் முகத்தில் அடிக்க வேண்டாம். பிள்ளைகள் இனி பஸ்ஸில் வரட்டும்" என்றார். பின்சில்லுக்கு அப்பால், தட்டின் விளிம்பையும் தாண்டி வாய் வெளியே வரும்படி குழாய் வளைக்கப்பட்டது. வேலை முடிந்ததும், இயந்திரம் குளிர்ந்திருக்கையில் அதை இயக்கி, வாற்குழாயைத் துணிப்பொதியால் கணநேரம் அடைத்து, இணைப்புகளில் சவர்க்கார நீரைப் பூசினோம். ஓரிடத்தில் குமிழி எழுந்தது. கராச்சுக்காரர் முகஞ்சுளிக்காமல் தட்டைக் கழற்றி மறுபடி பூட்டினார்.

வாகனம் வைத்திருப்போர் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனை செய்விக்கின்றனர். அப்பரிசோதனை குழாயின் வாயில் வரும் புகையை அளக்கும். வழியில் கசிவதை வீட்டாரே தேடிக் காணவேண்டும். மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. மாணவர்களே, பாடப் புத்தகத்தில் நீங்கள் மனனம் செய்யும் தகனமும் துருப்பிடித்தலும் விரிகையும் உங்கள் வீட்டு வண்டியின் அடியில் நாள்தோறும் நிகழ்கின்றன. அவற்றை அங்கே கண்டு, பெரியோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கற்ற கல்வி ஓர் உயிரையேனும் காக்குமாயின், அதனிலும் பெரிய சித்தி வேறில்லை.