குழி யாருக்குரியது?



தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய ஃபிக்ஹுப் பாடத்தை மேல் வகுப்பு மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தில் தவறாமல் வரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, யமன் தேசத்து மஃரிபில் உள்ள உப்பைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு வேண்டினார்கள். நபியவர்களும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவர் எழுந்து சென்றதும், அது வற்றாத நீரைப் போன்றது என்று சபையில் இருந்த ஒருவர் எடுத்துரைத்தார். உடனே நபியவர்கள் அக்கொடையை மீளப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ள செய்தி இது. வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமங்கள் தண்ணீரைப் போன்றவை, அவற்றை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்குதல் கூடாது என்று மாவர்தி (ரஹ்) போன்ற நம் மத்ஹபின் இமாம்கள் விளக்கியுள்ளார்கள்.

உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த புத்தளத்துப் பிள்ளைகளுக்கு இப்பாடம் எளிதில் பிடிபடும். அன்று பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஸ்ரத், உப்பை அள்ளினால் மறுபடியும் விளையும். கல்லை வெட்டினால் குழிதானே மிஞ்சும்? அந்தக் குழி யாருக்குச் சொந்தம்?"

"நிலம் யாருடையதோ அவருடையது" என்று சொல்லிவிட்டு அடுத்த மஸ்அலாவுக்குச் சென்றேன். ஆனால், அவர் எந்தக் குழியைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழியை நான் அறிவேன்.

என் வாப்பா அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் அகழ்வில் துளையிடும் வேலை பார்த்தவர். புத்தளத்துக்கு வடக்கே, களப்புக்கும் வில்பத்துக் காட்டுக்கும் அண்மையில் அந்த இடம் இருக்கிறது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு கடலடியாக இருந்த நிலம் அது. மயோசீன் காலத்துக் கடலுயிர்களின் எச்சங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. வாப்பா எப்போதாவது சிப்பி பதிந்த கல்லொன்றைக் கொண்டுவந்து என் கையில் வைப்பார். பாறையில் துளையிட்டு, வெடி வைத்துப் பிளந்து, கல்லை இரயில் பெட்டிகளில் ஏற்றிப் பாலாவியில் உள்ள சீமெந்து ஆலைக்கு அனுப்புவார்கள். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய கண்ணிமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். வுழூச் செய்யும் தண்ணீர் பால் போல ஓடும். கடைசிக் காலத்தில் பாங்கோசை அவர் காதில் சரியாக விழவில்லை. நாங்கள் தோளைத் தொட்டுச் சொல்வோம்.

அந்தச் சம்பளத்தில்தான் நான் ஓதினேன். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்கள் சகோதரர்களுக்கு இங்கே எழுந்த வீடுகள் பலவற்றின் சீமெந்தும் அந்தப் பாறையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆகவே கல் வெட்டுவதே பாவம் என்று பேசுவோருடன் என்னால் சேர இயலாது. கல் போன பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்று அப்போது எங்கள் ஊரில் எவரும் கேட்டதில்லை. வாப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்காத கேள்விக்குக் கொழும்பு விடை கண்டது. 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மக்கள் அதற்கு முன்னரே ஆண்டுக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தவர்கள். அதன்பின் தலைநகரக் குப்பையை வேறெங்காவது கொண்டுசெல்லும் அவசரம் கூடியது. கல் வெட்டிக் கைவிடப்பட்ட அருவக்காட்டுப் பள்ளங்கள் ஏற்கனவே திட்டத்தில் இருந்தன. கல்லை ஏற்றிச் சென்ற அதே திசையிலுள்ள இருப்புப் பாதையில் இனிக் குப்பை வரும் என்றார்கள்.

திட்டக்காரரின் கணக்கில் இது பிழையற்ற யோசனை. வெறும் பள்ளம் இருக்கிறது, நிரப்ப வேண்டிய பொருளும் இருக்கிறது. அடியில் கசிவு தடுக்கும் விரிப்பு இடுவோம், கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிப்போம் என்று சூழல் தாக்க மதிப்பீட்டில் எழுதினார்கள். சுண்ணாம்புப் பாறை நீரை ஊடுருவ விடும் பாறை. விரிப்பு கிழிந்தால் நஞ்சு நிலத்தடி நீருக்கும் களப்புக்கும் போகும். களப்பை நம்பி மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கின்றன. நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் வந்தபோதும் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும் என்றே சொன்னார்கள் என்று மக்கள் நினைவூட்டினார்கள். 2018இன் பிற்பகுதியில் புத்தளம் நகரில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பன்சலை என்ற பேதமின்றி மக்கள் ஒரே பந்தலில் அமர்ந்தனர். ஆயினும் 2019 ஆகஸ்டில் கொழும்புக் குப்பை லொறிகளில் வந்து சேர்ந்தது.

அந்த நாட்களில் எங்கள் ஊர் ஜமாஅத்தின் சார்பில் ஆட்சேப மனுவை எழுதியவன் நான். தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற நபிமொழியை முகப்பில் வைத்து, நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக எழுதியதாக எனக்கொரு நிறைவும் இருந்தது, அல்லாஹ் மன்னிப்பானாக. மனுவின் பிரதியை எங்கள் பிரதேச சபை உறுப்பினர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முழுவதையும் பொறுமையாக வாசித்தார். பிறகு மரியாதையுடன்தான் கேட்டார்: "ஹஸ்ரத், உங்கட மத்ரஸாக் குப்பை எங்க போகுது?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்தே இருந்தது. அறுபது மாணவர்களின் குப்பையைக் கைவண்டிக்காரர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் எடுத்துச் செல்வார். அவர் அதைக் களப்போரத்துக் கண்டல் மரங்களுக்கு இடையே கொட்டுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஏழை மனிதர், அவர் பிழைப்பு என்று விட்டுவிட்டேன்.

பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வீட்டுக் குப்பையை அகற்றுவது சபையின் கடமை. சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து. ஃபிக்ஹு படித்தவனுக்கு இந்த இரண்டாவது விதி சுவையானது. குப்பைக்கும் உரிமையாளன் உண்டு, அது கைமாறும் நேரமும் உண்டு. அப்படியானால், சபையிடம் கொடுக்காமல் கைவண்டிக்காரரிடம் கொடுத்து நான் கைகழுவிய குப்பை யாருடையது? அவர் என் கூலியாள். கண்டல் வேரில் சிக்கிக் கிடந்த அத்தனையும் எங்கள் மத்ரஸாவுடையதே.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். செலவு கூடும் என்றார்கள். கொழும்புக் குப்பை மலையோடு நம் நாலு பையை ஒப்பிடுவதா என்று மூத்தவர் ஒருவர் கோபித்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் நான் விடவில்லை. உள்ளே சஹனில் சேர்ந்து உண்ணும் நாட்களில் எங்களிடம் குப்பையே மிகக் குறைவு. வெள்ளிக்கிழமைகளில் கொடையாளர்கள் அனுப்பும் சோற்றுப் பார்சல்களால்தான் பை நிரம்புகிறது. லன்ச் சீட்டுக்கு 2017 செப்டம்பரிலேயே தடை வந்தும், எங்கள் வாசலுக்கு அது வந்துகொண்டுதான் இருந்தது. ஸதகா கொடுப்பவரிடம் பொதி பற்றிப் பேச நாவு எழவில்லை. இரண்டு மாதம் தயங்கிய பிறகு, சட்டியோடு அனுப்புங்கள், சட்டியைக் கழுவித் திருப்பித் தருகிறோம் என்று கேட்டேன். இருவர் மனம் நொந்து நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் சட்டியில் அனுப்புகிறார்கள். மிச்சச் சோறு அயல்வீட்டு ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் போகிறது. கைவண்டிக்காரர் இப்போது மத்ரஸாத் தோட்டத்தில் பசளைக் குழியைப் பார்த்துக்கொள்கிறார். கூலி முன்னையதைவிடச் சற்று அதிகம்.

பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் மட்டும் சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுகின்றன. அது எங்கே போய்ச் சேருகிறது என்று சபைக்கு எழுதிக் கேட்டேன். மறுமொழி இல்லை. இரண்டாவது கடிதமும் அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி கேட்ட மாணவரைச் சென்ற வாரம் அழைத்து, அன்று அவசரத்தில் பாதி விடைதான் சொன்னேன் என்றேன். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி கனிமம் அரசுக்குரியது, அகழ்பவர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும், அகழ்ந்த நிலத்தைச் சீர்செய்வது பற்றியும் அனுமதி வழங்கும்போதே பேசியாக வேண்டும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப, ஹஸ்ரத்ட வாப்பா வெட்டின குழிய ஆர் மூடியிருக்க வேணும்?" என்றார்.

வாப்பாவின் சிப்பிக்கல் என் மேசையில்தான் இருக்கிறது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஆட்சேப மனுவின் பிரதியையும் கொடுத்து, அந்த நான்கு பக்கத்தில் இந்தக் கேள்வி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் சுபஹுக்குப் பின் அவர் அதைத் திருப்பித் தந்தபோது, கடைசிப் பக்கத்தின் வெற்றிடத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தை அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.