அம்மாவே 'அம்மா'ன்னு கத்தினாங்க!

போன மாசம் ஒருநாள் காலேஜுக்கு மட்டம். சினிமாவுக்கு இல்லீங்க, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக! மாதவிலக்கு நின்று மூன்று வருஷத்துக்குப் பிறகு, திடீர்னு ரத்தப்போக்கு. 'ஹிஸ்டெரோஸ்கோபி' பார்த்துடலாம் என்றார் டாக்டர். கேமரா வைத்த மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, உப்புத் தண்ணீர் செலுத்தி விரியவைத்துப் பார்ப்பார்களாம்.

"வலிக்குமா சிஸ்டர்?"

"ரெண்டு புள்ளை பெத்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு வலியா?"

அம்மாவும் சிரிச்சுக்கிட்டே உள்ளே போனாங்க. அஞ்சே நிமிஷம். "அய்யோ, அம்மா!"ன்னு ஒரு அலறல். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

பிறகுதான் டாக்டர் விளக்கினார். சிலருக்கு மாதவிலக்கு வலி அளவுதான் இருக்கும். சிலருக்குத் தாங்கவே முடியாது. மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கிவிடுவதால் வலி அதிகமாகலாம். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை, கர்ப்பப்பை வாயில் மரத்துப்போக ஊசி, அரை மயக்கம், முழு மயக்கம் என்று வழிகள் இருக்கின்றன. தாங்கலைன்னா, 'நிறுத்துங்க'ன்னு எப்போ வேணும்னாலும் சொல்லலாம்.

இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!

அடுத்த வாரம் முழு மயக்கத்தில் செய்தார்கள். சின்னதா ஒரு சதை வளர்ச்சி, எடுத்தாச்சு. பரிசோதனையில் பயப்பட ஒண்ணுமில்லை.

"நீங்க ஏம்மா முதல்லயே கேட்கலை?" என்றேன்.

"கேட்கலாம்னே தெரியாதுடி" என்றார் அம்மா.

ஃப்ரெண்ட்ஸ், நம்ம அம்மாக்கள் கேட்க மாட்டாங்க. கூடப் போற நாமதான் கேட்கணும்!